புது மில்லு அடிக்கடி நின்றால் என்ன செய்வது?



குழுவில் கடன் போட்டு ஒரு மெஷின் வாங்குகிறோம். வாங்கின மாசமே நின்னு போகுது. மெக்கானிக் வந்து சரி பண்றார். பத்து நாள் ஓடுது, மறுபடியும் நிக்குது. மெஷின் நின்றாலும் தவணை நிற்பதில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் குழு என்ன செய்ய வேண்டும் என்று இந்த மாதம் பார்ப்போம். சாமை, தினை உமி நீக்கும் மில்லை வைத்து விளக்குகிறோம். மாவு மில்லு, மரக்கிளையையும் தழையையும் வெட்டித் தூளாக்கும் மெஷின் எல்லாத்துக்கும் இதே வழிதான்.

மில்லு நமக்கு ஏன் முக்கியம்?

பெரக்கரை நாடு ஆகட்டும், கொல்லிமலையின் மற்ற நாடுகள் ஆகட்டும், சாமை குத்துவது பெண்கள் தலையில் விழுந்த வேலைதான். உமி கெட்டியாக ஒட்டியிருக்கும். உரலில் போட்டுக் குத்தணும், புடைக்கணும், மறுபடியும் குத்தணும். ரேஷன் அரிசி வந்ததும், மரவள்ளி காசு கொடுத்ததும் மட்டுமில்லை, இந்தக் குத்துற பாடும் சேர்ந்துதான் சாமைக் காட்டைக் குறைத்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து நம் மலையில் சிறுதானியங்களைக் காக்க வேலை செய்தது. சிறிய மில்களை ஊருக்குள்ளேயே வைத்து குழுக்களின் பொறுப்பில் ஓட்டுவதும் அதில் ஒரு பகுதி. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சாமை அரிசியைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் மில்லு நின்றால் நமக்குத் திரும்பவும் உலக்கைதான். இல்லையென்றால் மூட்டையை வண்டியில் ஏற்றி, காரவள்ளி பாதையில் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே போய் அரைத்து வரணும். அதனால் புது மெஷினில் வரும் பழுதை "போகட்டும்" என்று விட முடியாது.

முதலில், கோளாறு எங்கே?

திரும்பத் திரும்பப் புகார் சொன்னால் விற்றவர்கள் பெரும்பாலும் மூன்று பதில் சொல்வார்கள். உங்க கரண்டு சரியில்லை, உங்க தானியம் சரியில்லை, உங்களுக்கு ஓட்டத் தெரியலை. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் இந்த மூன்றையும் நாமே முதலில் பார்த்துவிட வேண்டும்.

கரண்டு: ஒரு பேஸ் லைனில் 230 வோல்ட் அளவில் வரணும். மில்லு நிற்கும்போது அளந்தால் சரியாகக் காட்டும். தானியம் போட்டு ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். எலக்ட்ரீசியனை வைத்து காலையிலும் சாயங்காலமும் அளக்கச் சொல்லுங்கள். வோல்ட் குறைந்தால் மோட்டார் அதிக கரண்டை இழுக்கும், சூடாகும், காயில் எரியும். மீட்டரிலிருந்து மில்லுக்கு நீளமாக மெல்லிய வயர் இழுத்திருந்தாலும் வோல்ட் குறையும். மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும்.

பெல்ட்: புது பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் நீளும். ஒரு முறை இழுத்து வைப்பது பழுது ஆகாது. ரொம்பத் தளர்ந்தால் வழுக்கிக் கருகல் வாசனை வரும். ரொம்ப இறுக்கினால் பேரிங் சூடாகும். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்குதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் எத்தனை பெல்ட் போட்டாலும் தின்னும்.

தானியம்: ஈரச் சாமை உமி விடாது, மில்லை அடைக்கும். நன்றாகக் காய்ந்து, பல்லில் கடித்தால் 'டக்' என்று உடையணும். கல், மண் இல்லாமல் சலித்துப் போடுங்கள்.

ஓட்டுவது: காலியாக ஸ்டார்ட் செய்து, வேகம் வந்த பிறகு தானியம் விடுங்கள். நிறுத்தும் முன் உள்ளே இருப்பது முழுக்க வெளியே வரட்டும். திறந்து பார்க்கும் முன் மெயினை அணைத்து பீஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. முந்தானையைச் செருகி, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் அதே கோளாறு மறுபடியும் வந்தால், குறை மெஷினில்தான் இருக்கும். அதை எடுத்துக்காட்ட நம் கையில் ஆதாரம் வேண்டும்.

இரண்டாவது, நோட்டில் ஏற்றுங்கள்

ஐந்து ரூபாய் சந்தாவையும் நோட்டில் ஏற்றுகிறவர்கள் நாம். மெஷினுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். மில்லு நிற்கும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை:

1. தேதி, நேரம்
2. என்ன தானியம், எத்தனை கிலோ
3. ஓடும்போது இருந்த வோல்ட்
4. என்ன ஆச்சு: சத்தம், வாசனை, சூடு
5. யாருக்குப் போன் செய்தோம், ஆள் எப்போது வந்தார்
6. எதை மாற்றினார், செலவு எவ்வளவு
7. மில்லு எத்தனை நாள் நின்றது

மெக்கானிக்கிடம் சர்வீஸ் சீட்டு எழுதி வாங்குங்கள். மாற்றின பழைய சாமானை முடிந்தால் நாமே வைத்துக்கொள்ளலாம். பில், வாரண்டி சீட்டு இரண்டையும் தீர்மான நோட்டோடு பத்திரப்படுத்துங்கள். மோட்டாருக்குப் பெரும்பாலும் தனி வாரண்டி சீட்டு இருக்கும், கேட்டு வாங்குங்கள். பெல்ட், சல்லடை போலத் தேயும் சாமான்களுக்குப் பல கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. அதையும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, எழுத்தில் கேளுங்கள்

போனில் சொன்னது காற்றோடு போகும். ஒரே கோளாறு இரண்டு மூன்று முறை வந்துவிட்டால், குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட்டு, விற்றவருக்கும் தயாரித்த கம்பெனிக்கும் கடிதம் எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில் உங்களிடம் மில்லு வாங்கினோம். இதுவரை இத்தனை முறை பழுதாகி, இத்தனை நாள் நின்றது. விவரம் இணைத்துள்ளோம். வாரண்டி காலம் முடியவில்லை. 15 நாளுக்குள் குறையை முழுமையாக நீக்கித் தாருங்கள். முடியாவிட்டால் மெஷினை மாற்றித் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள்."

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். மானியத்தில் வாங்கியது என்றால் வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் ஒரு நகல் கொடுங்கள். கடன் கொடுத்த வங்கிக்கும் தெரிவியுங்கள்.

நான்காவது, சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

"மில்லு வச்சு சம்பாதிக்கிறீங்க, நீங்க நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். வியாபாரத்துக்காக வாங்கினதை அது விலக்கி வைக்கிறது. ஆனால் தன் பிழைப்புக்காக, சுயதொழிலாகத் தானே பயன்படுத்த வாங்கினவர் நுகர்வோர்தான் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த வழக்கில் தொழிற்சாலைக்காகப் பெரிய மெஷின் வாங்கியவரை நுகர்வோராக ஏற்கவில்லை. ஆனால் ஆட்டோ, லேத் மெஷின் போன்றவற்றை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர் என்றது. உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அப்படித்தான் என்றும் சொன்னது. ஆகவே நம் புகாரில், "உறுப்பினர்களாகிய நாங்களே மில்லை ஓட்டிப் பிழைக்கிறோம்" என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். யார் எந்த நாள் ஓட்டினார்கள் என்ற வேலைப் பட்டியலும் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். தீராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விற்றவர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்கணும். குறையை நீக்கவோ, மெஷினை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்ட ஈடு தரவோ ஆணையம் உத்தரவிட முடியும். தேவைப்பட்டால் மெஷினைப் பரிசோதிக்கவும் சொல்லும். அங்கேயும் முதலில் கேட்பது பில்லும், சர்வீஸ் சீட்டும், கடிதமும்தான்.

இனி வாங்கப் போகும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம சாமையையே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். பழுது பார்க்க மலைக்கு மேலே ஆள் வருமா, எத்தனை நாளில் வரும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்குள் அந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள். எழுதத் தெரிந்த ஒரு உறுப்பினரிடம் பொறுப்பைக் கொடுத்து, மாசம் ஒரு தடவை எல்லோரும் கேட்க வாசிக்கச் சொல்லுங்கள்.