கணக்கில் ஏறாத உழைப்பு

ஜனத்தொகைக் கணக்கெடுக்கும் ஊழியர் நம் வாயிலில் நின்று, "வீட்டம்மாள் என்ன தொழில் செய்கிறார்?" என்று வினவுகிறார். "தொழில் ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருக்கிறாள்" என்று நாம் விடை பகர்கிறோம். அடுக்களையிலோ, விற்பனைக்கென்று ஆட்டிய இட்லி மாவு பாத்திரம் பாத்திரமாக நிற்கிறது! இவ்விடையால் விளையும் நஷ்டம் யாருடையது?

தலைநகரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1941இல் சுமார் 9 லட்சமாக இருந்த தில்லியின் ஜனத்தொகை, பிரிவினையின்போது அகதிகள் வந்து குவிந்தமையால், 1951இல் 17 லட்சத்தைத் தாண்டிற்று. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் நிறுவப்பெற்றது. கடைவீதி எங்கே, தொழிற்பேட்டை எங்கே, குடியிருப்பு எங்கே என்று வகுத்த முதல் பெருந்திட்டம் 1962இல் அமலுக்கு வந்தது. நம்மவர் கம்ப்யூட்டர் வாங்கச் செல்லும் நேரு பிளேஸ் அத்திட்டத்தின் வழி எழுந்த வணிக மையமே. ஆயினும் 1981இல் நகர மக்கள் 46 லட்சம் பேர் இருப்பர் என்று கருதித் திட்டமிட்டனர். எண்ணியபோது 57 லட்சம்!

தெரு வியாபாரிகளுக்கென 2014இல் இயற்றிய சட்டமும் எண்ணிக்கையையே அடிப்படையாகக் கொண்டது. ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுத்து, அதில் காணப்பட்டவர்க்கு விற்பனைச் சான்றிதழ் அளிக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. தோசைக் கடை போடும் நம் சகோதரர்கள் அந்நாளில் கடையில் இருத்தல் அவசியம்.

ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாம் ஒன்று அறிவோம். காத்திருப்போர் பட்டியல் நீண்டால்தான் கூடுதல் பெட்டி இணைப்பார்கள். பட்டியலில் பெயர் பதியாதவருக்காக எவரும் பெட்டி இணைப்பதில்லை.

2011க்குப் பின் 2021இல் நடக்கவேண்டிய ஜனத்தொகைக் கணக்கு நடைபெறவில்லை. 2027 மார்ச் 1ஆம் தேதியை ஆதார நாளாகக் கொண்டு அடுத்த கணக்கு எடுக்கப்படும் என்று 2025இல் அறிவித்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கிலேயே, விற்பனைக்காக வீட்டில் செய்யும் பண்டமும், குடும்பக் கடையில் கூலியின்றிச் செய்யும் உழைப்பும் தொழில் என்றே கொள்ளப்பட்டன. வரி வருமோ என்னும் அச்சமும் வேண்டா. தனிமனிதர் கூறும் விடைகளை இரகசியமாகக் காக்கவேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆகவே நேயர்களே, தாய்மொழி தமிழ் என்பதைத் தயங்காமல் கூறுங்கள். வீட்டுப் பெண்டிரின் தொழிலை மறவாமல் கூறுங்கள். அவ்விடையை அவர்களே கூறுவது இன்னும் நன்று.