பால் நிறுத்திய வீட்டின் மளிகைக் கணக்கு

இரண்டு கிலோ ராகியில் 7,280 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு உணவுச் சத்து அட்டவணை 100 கிராம் ராகிக்கு 364 மில்லிகிராம் போடுகிறது. பசும்பாலுக்கு 118. பெருக்கிப் பார்த்தால் அந்த இரண்டு கிலோ ராகி ஆறு லிட்டர் பாலுக்குச் சரியாக நிற்கிறது.

2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. அந்த ஆண்டில் தமிழக அரசு நீலகிரி, தர்மபுரி என்ற இரண்டு மாவட்டங்களில் மட்டும், சோதனை முறையில், ரேஷன் அரிசியில் 2 கிலோவைக் கழித்து 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. விலை கிடையாது. பாலையும் முட்டையையும் விட்டுவிட்டேன், தர்மபுரியில் மாற்றுச் சாமான் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் கை காட்டுவது ரேஷன் கடையைத்தான். அடுத்தது மளிகைக் கடை, அதற்கடுத்தது வாரச்சந்தை. சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டிக்குக் கடைசி இடம். இந்த வரிசை ஏன் என்பதற்கு எண்கள் இருக்கின்றன.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெளிவாக வேண்டும். 'வீகன்' என்ற சொல்லை 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் உருவாக்கினார்கள். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாமே விலக்கு. தமிழில் நனிசைவம் என்கிறார்கள். கடையில் நாம் பார்த்துப் பழகிய பச்சைப் புள்ளி இதற்குப் போதாது. பால் சேர்ந்த பிஸ்கட்டுக்கும் பச்சைப் புள்ளி உண்டு, நெய் மைசூர்பாகுக்கும் உண்டு. 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்து, துளிரோடு கூடிய பச்சை 'வி' எழுத்தைச் சின்னமாக்கியது. அந்தச் சின்னம் போட்ட பொட்டலம் நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். ஆகவே பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் என்ற வரியில் பால் இருக்கிறதா என்று பார்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. பிறகு எண்கள்: 120 என்றால் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், 901 தேன்மெழுகு, 904 அரக்கு. மிட்டாய் வாங்கும்போது இந்த மூன்றும் ஞாபகத்தில் இருந்தால் போதும்.

மூட்டையைப் பிரித்து எடைபோட்டுத் தரும் சாமானுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கொள்ளு கொள்ளுதான், எள் எள்தான்.

இனி விலை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், கணக்குக்காக நிலக்கடலைப் பருப்பு கிலோ 140, கொள்ளு 80, மீல்மேக்கர் 150, எள் 200, ராகி 55 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடைச் சீட்டில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள். வரிசை பெரும்பாலும் மாறாது. ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய், 2021 மே மாதம் 3 ரூபாய் குறைத்ததிலிருந்து.

10 கிராம் புரதம் வாங்க என்ன செலவாகும்? ரேஷன் துவரம்பருப்பில் 1 ரூபாய் 40 காசு. மீல்மேக்கரில் 2.90. கொள்ளில் 3.70. நிலக்கடலையில் 5.90. ஆவின் பாலில் 13.30. இப்போது அட்டைப்பெட்டியில் வரும் பாதாம் பால். அதற்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. லிட்டர் 300 ரூபாய்க்கு விற்ற பெட்டி, வரிக்குறைப்பை முழுதாகக் கொடுத்தால் 267-க்கு வரவேண்டும். லிட்டருக்கு 10 கிராம் புரதம் உள்ள ஒன்றை எடுத்தால், அந்த 10 கிராமுக்கு நாம் தரும் விலை 267 ரூபாய். ரேஷன் பருப்பைப்போல 190 மடங்கு. பாதாம் பாலை நான் குறை சொல்லவில்லை. அதைத்தான் மாற்று என்று நம்பி, இந்த வழி பணக்காரருக்கானது என்று திரும்பிப் போகிறவர்களை நினைத்தால்தான் மனம் பொறுக்கவில்லை.

தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துச் சமையலில் பாதிக்குமேல் பால் தொடாதது. களி, சாமைச்சோறு, கொள்ளு ரசம், அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல், எள்ளுருண்டை, கடலைச் சட்னி. களிமேல் விடும் நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய் விட்டால் தீர்ந்தது. காலையில் வரக்காப்பி, மாலையில் சுக்குக் காப்பி. உண்மையில் கஷ்டம் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று கூழில் ஊற்றும் மோர், இன்னொன்று சோற்றில் பிசையும் தயிர். இந்த இரண்டையும் விட முடியாமல் மூன்றாம் வாரத்தில் பழைய வழிக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு விடை நிலக்கடலைத் தயிர். 200 கிராம் பருப்பை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலைத் தேய்த்து எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். கெட்டித் தயிர் வேண்டுமென்றால் தண்ணீரை 700 மில்லியாகக் குறைக்கலாம். சிறு தீயில் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எட்டுப் பத்துப் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு மூடினால், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் புளித்து உறையும். முதல் தடவைக்குத்தான் காம்பு. அடுத்த நாளிலிருந்து பழைய தயிரில் ஒரு கரண்டி உறைமோர். பருப்புச் செலவு 28 ரூபாய். 200 கிராம் பருப்பில் 47 கிராம் புரதம். மூன்றில் ஒரு பங்கு சக்கையில் தங்கினாலும் 31 கிராம் இறங்கிவிடும், ஆவின் பாலின் அளவு. சக்கை சட்னிக்குப் போகும், வீண் இல்லை. கடலை வாசனை முதல் நாலு நாள் தெரியும். கூழில் கரைத்து வெங்காயம் கடித்துக் குடிக்கும்போது அது துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

நமக்கு இது புதுசும் அல்ல. குழந்தைக்கு முளைகட்டிய ராகிப்பால் காய்ச்சாத வீடு இந்த மாவட்டத்தில் குறைவு. மதுரைத் தெருக்களில் பருத்திக்கொட்டையை அரைத்துக் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சும் பருத்திப்பால் இன்னும் விற்கிறது. தாவரப் பானங்களைப் பால் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் இணைய வணிகர்களுக்குச் சொன்னது. நம் மொழி அந்தச் சொல்லைத் தேங்காய்க்கும் ராகிக்கும் பருத்திக்கும் எந்தக் காலத்திலோ கொடுத்துவிட்டது.

ஆனால் நிலக்கடலைத் தயிர் புரதத்தை ஈடுகட்டுமே தவிர, கால்சியத்தை ஈடுகட்டாது. 200 கிராம் கடலையில் கால்சியம் 110 மில்லிகிராம்கூட இல்லை. பாலில் லிட்டருக்கு 1,200. நிறம் வெள்ளை என்பதால் எல்லா வெள்ளையும் ஒன்றாகிவிடாது.

தர்மபுரிக்காரர்கள் இந்த வரியைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தரம். அதைத் தாண்டிய கிணறுகளும் ஆழ்துளைகளும் இங்கே தலைமுறை தலைமுறையாகப் பற்களைக் கறையாக்கின, முழங்காலை வளைத்தன. 1,928.80 கோடி ரூபாயில், ஜப்பானியக் கடனுதவியோடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் திறக்கப்பட்டதே அதற்காகத்தான். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் ஃப்ளோரைடு எலும்பைத் தாக்கும் வேகம் கூடும். வேறு ஊரில் பாலை நிறுத்தி அசட்டையாக இருக்கலாம். ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வராமல் ஆழ்துளைத் தண்ணீர் குடிக்கும் கிராமத்தில் அப்படி இருக்கக் கூடாது. குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீடு என்றால் இன்னும் கவனம்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. புரதம் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். பாலில்லாத ஒரு நாள், ஒரு ஆளுக்கு:

ராகி 150 கிராம்: கால்சியம் 546, புரதம் 10.7
அரிசி 150 கிராம்: 11, 11.9
துவரம்பருப்பு 60 கிராம்: 83, 13
கொள்ளு 30 கிராம்: 81, 6.5
எள் 15 கிராம்: 192, 3.3
நிலக்கடலை 50 கிராம்: 27, 11.8
முருங்கைக்கீரை 50 கிராம்: 157, 3.2
கூட்டினால்: கால்சியம் 1,097 மில்லிகிராம், புரதம் 60.4 கிராம்.

பொருள்கள் ஏழு. ஏழும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கும். முருங்கை பெரும்பாலும் கொல்லையிலேயே நிற்கிறது. இந்தப் பட்டியலின் தூண் ராகி, பாதிக் கால்சியம் அதிலிருந்துதான். ராகியிலும் எள்ளிலும் கால்சியத்தை உடம்பு சேர்க்கவிடாமல் பிடித்துவைக்கும் பொருள்களும் உண்டு. முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் ராகியில் அந்தப் பிடி தளரும். கூழை இரவே கரைத்துப் புளிக்கவிடும் பழக்கத்துக்கு ருசி மட்டும் காரணமில்லை.

பட்டியலில் வராதது வைட்டமின் பி12. எந்தக் கீரையிலும் எந்தப் பருப்பிலும் நம்பத்தகுந்த அளவில் அது கிடையாது. ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 2.2 மைக்ரோகிராம். இங்கேயும் ரேஷன் கடைக்கு ஒரு பங்கு உண்டு. 2024 மார்ச்சுக்குள் நாடு முழுதும் பொது விநியோகத்துக்குக் கொண்டுபோகத் திட்டமிட்ட செறிவூட்டிய அரிசியின் தரக்கட்டளை, கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12 இருக்க வேண்டும் என்கிறது. நூறு மணிக்கு ஒரு மணி என்று கலந்திருக்கும் அந்த வெளுத்த மணிகளைத்தான் பிளாஸ்டிக் அரிசி என்று நம் வீடுகளில் பொறுக்கி எறிந்தார்கள். எறியாமல் தினம் 300 கிராம் சாப்பிட்டாலும் கிடைப்பது 0.23 முதல் 0.38 மைக்ரோகிராம், தேவையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்குவரை. மீதிக்கு மருந்துக்கடை மாத்திரைதான், மருத்துவரைக் கேட்டு. பி12 குறைந்தால் முதலில் அசதி, பிறகு கை கால் மரமரப்பு, கவனிக்காமல் விட்டால் நரம்புக்குச் சேதம். இதில் பிடிவாதம் வேண்டாம்.

இப்போது மாதச் செலவு. நாலு பேர் உள்ள வீடு, தினம் ஒன்றரை லிட்டர் நீலப் பாக்கெட்: 45 லிட்டர், 1,800 ரூபாய். பாலை நிறுத்தினால் என்னென்ன கூடும்? நிலக்கடலை 6 கிலோ, 840. எள் 1.8 கிலோ, 360. மாத்திரைக்கு 100 ஒதுக்குவோம். ராகி ஆளுக்கு 150 கிராம் வீதம் மாதம் 18 கிலோ. ரேஷன் 2 கிலோ போக 16 கிலோ, 880. மொத்தம் 2,180. அரிசி, பருப்பு, கொள்ளு இரண்டு பக்கமும் ஒன்றே என்று விட்டுவிட்டேன்.

380 ரூபாய் கூடுதல். பாலை நிறுத்தினால் காசு மிச்சம் என்று சொல்கிறவர்கள் பால் பாக்கெட்டை மட்டும் கழித்துவிட்டு, கால்சியத்தை எங்கிருந்து எடுப்பது என்று எழுதாமல் விட்டவர்கள். ஏற்கெனவே இரண்டு வேளை களி கிண்டும் வீட்டுக்கு, அதுவும் சொந்தக் காட்டில் ராகி விளையும் வீட்டுக்கு, இந்த 880 இல்லை. அங்கே மாதம் 500 ரூபாய் மிஞ்சும். டவுனில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு மிஞ்சாது.

பக்கத்து வீட்டில் ஒரு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அக்காவை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. 2023 டிசம்பரில் அறிவித்த 3 ரூபாய் ஊக்கத்தொகையோடு பசும்பாலுக்கு லிட்டருக்குக் கிடைப்பது 38 ரூபாய். தீவனமும் தவிட்டு மூட்டையும் போக அதில் என்ன நிற்கிறது என்பது தனிக் கணக்கு. அதே அக்காவின் மானாவாரிக் காட்டில் ராகியும் கொள்ளும் விளைகிறது. ராகிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23-ல் குவிண்டாலுக்கு 3,578; 2025-26-ல் 4,886. மூன்று வருடத்தில் 1,308 ரூபாய் ஏறியிருக்கிறது. தர்மபுரியிலேயே கொள்முதல் செய்து தர்மபுரி ரேஷன் கடையிலேயே போடலாம் என்று 2023-ல் காட்டியும் விட்டார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது அந்த 2 கிலோவைப் பற்றி. நாலு பேர் அட்டைக்கு 18 கிலோ தேவைப்படும் இடத்தில் 2 என்பது ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு ஆள் சாப்பிட்டாலே பதின்மூன்று நாளில் தீர்ந்துவிடும். அரிசியில் கழித்துக்கொண்டு அட்டைக்கு 9 கிலோ ராகி கொடுத்தால், கடையில் வாங்க வேண்டியது 9 கிலோ, 495 ரூபாய். மேலே எழுதிய கணக்கில் 880-ஐ அடித்துவிட்டு 495 போட்டால் மொத்தம் 1,795. பால் செலவைவிட 5 ரூபாய் குறைவு.