குசினி அலுமாரிக்குப் புதுமுகம்: ஒட்டு வீனியரும் சாயமும்

பழைய குசினி அலுமாரியை எறியாமல், கதவுகளுக்கு மட்டும் வீனியர் ஒட்டிச் சாயம் பூசிப் புதுசாக்க முடியுமா என்று சிலர் நம்மிடம் விசாரித்திருக்கிறார்கள். முடியும். பாஸ் ஒருவர் இல்லாமலே வீட்டார் செய்துகொள்ளக்கூடிய வேலைதான்.

வீனியர் நமக்குப் புதிய சாமான் அல்ல. முந்திய காலத்தில் ஸ்டோரில் தேயிலை அடைத்த பிளைவூட் பெட்டிகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பலகையே மெல்லிய வீனியர்த் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியதுதான். காலிப் பெட்டியை உடைத்து லயக் காம்பராவில் தட்டு அடித்தவர்களும் உண்டு. இப்போது விற்கும் ஒட்டு வீனியரில் பின்பக்கம் பசையும், அதன்மேல் உரித்தெடுக்கும் தாளும் இருக்கும். மரம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவுதான்.

ஒட்டுவதில்தான் பாதி வெற்றி. விறகடுப்புப் புகையும் எண்ணெயும் படிந்த கதவில் எந்தப் பசையும் நிற்காது. சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, காயவிட்டு, சாண்ட் பேப்பர் போட்டு, தூசியைத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். பச்சைப் பலகையாக இருந்தால் முதலில் ஒரு கை வார்னிஷ் அடித்துக் காயவிடுவது நல்லது. குளிரில் இந்தப் பசை இறுகிப்போய் சரியாகப் பிடிக்காது. நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருக்கிற ஊர். ஹட்டன் பக்கமும் காலையில் பனிதான். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாளில், பதினொரு மணிக்குப் பின் ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு மரக்கட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கையால் தடவினால் போதாது. அடுப்புக்கு நேர் மேலே உள்ள கதவுக்கு இது வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும்.

ஒட்டி ஒன்றிரண்டு நாள் கழித்துச் சாயம் பூசலாம். ஒட்டுவதற்கு முன்பே பூசுவோரும் இருக்கிறார்கள். ஆனால் ஒருபக்கம் மட்டும் நனைந்த தாள் சுருளும் என்பதால் ஒட்டிய பின் பூசுவதையே நாம் சொல்லுவோம்.

பெரிய தவறு, சாயத்தை அள்ளிப் பூசுவது. எண்ணெய்ச் சாயத்தில் உள்ள டர்பன்டைனும் தின்னரும் மெல்லிய மரத்தின் துவாரங்கள் வழியாக இறங்கிப் பசையைக் கரைக்கும். இரண்டு நாளில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தண்ணீர்ச் சாயம் கூடினாலும் மரம் ஊதி ஓரம் கிளம்பும். துணியில் கொஞ்சம் தொட்டு, மர ரேகை போகிற பக்கமாகத் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்துவிடுங்கள். நிறம் போதாவிட்டால் காய்ந்த பின் இன்னொரு தடவை. விரலில் ஒட்டிய பசை மேலே பட்டிருந்தால் அந்த இடம் சாயம் ஏறாமல் வெளிறித் தெரியும். 220 ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தெடுங்கள். அழுத்தித் தேய்த்தால் வீனியரே ஓட்டையாகும். வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் பூசிப் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் டின்னில் தெரிகிற நிறம் மரத்தில் வராது. நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷ் இரண்டு மூன்று கை. ஓரங்களை மறக்காதீர்கள், ஈரம் அங்கேதான் நுழையும்.

இனிச் சொல்வது அலுமாரியை விட முக்கியம். தின்னர் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்புக்கோ, சாமி விளக்குக்கோ, கொசுவர்த்திக்கோ போய்ச் சேரும். லயத்தில் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்தால் அடுத்தடுத்த வீடும் போகும். அதனால் கதவுகளைக் கழற்றி வெளியே வைத்துப் பூசுங்கள். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் யாரும் கொளுத்தாமலே தானாகச் சூடேறிப் பற்றும். அதை வெளியே விரித்துக் காயப் போடவும், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடித் தகரத்தில் போடவும்.

மிச்சத் தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.