ஆள் ஒருவர், பெயர் பல!

புதுவை பெருமாள் கோவில் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. கனகசுப்புரத்தினம் என்ற தமிழ் வாத்தியார் வாழ்ந்த வீடு அது.

யார் அவர் என்று யோசிக்கிறீர்களா? பாரதிதாசன் என்றால் தெரிந்துவிடும்!

1891-ல் புதுவையில் பிறந்தவர் அவர். தந்தை பெயர் கனகசபை. அதில் இருந்து "கனக" வந்தது. பாரதியாரிடம் கொண்ட பற்றினால் பாரதிதாசன் ஆனார். புதுவைப் பத்திரிகைகளில் கிறுக்கன் என்றும், கிண்டல்காரன் என்றும்கூட எழுதினார்.

பாரதியார் மட்டும் என்னவாம்? ஷெல்லி என்ற ஆங்கிலக் கவிஞர் மீது ஆசைப்பட்டு, "ஷெல்லிதாசன்" என்று பெயர் வைத்துக்கொண்டவர்தானே!

படிக்கிறவருக்கு இது வேடிக்கை. நூல் நிலையக்காரருக்கோ தலைவலி. ஒரே ஆளின் புத்தகங்களைப் "ப" வரிசையில் வைப்பதா, "க" வரிசையில் வைப்பதா?

பிரெஞ்சு சுப்பிரமணியன்

புதுவைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இங்கே 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. "சு" என்ற ஒலியை எழுத ஆங்கிலேயர் இரண்டு எழுத்துப் போடுவார்கள். பிரெஞ்சுக்காரர் மூன்று எழுத்துப் போடுவார்கள். இரண்டு மொழியிலும் எழுதினால் ஒரே சுப்பிரமணியன் இரண்டு சுப்பிரமணியன் ஆகிவிடுவார்!

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இன்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் இதே சங்கடம்தான்.

செல்வி என்று ஒரு பெண். புதுவையில் விஞ்ஞான ஆராய்ச்சி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்புகிறாள். "குடும்பப் பெயர் என்ன?" என்று படிவம் கேட்கிறது. தமிழருக்கு ஏது குடும்பப் பெயர்? தந்தை பெயரை எழுதுகிறாள். அவ்வளவுதான், கட்டுரை அப்பா பெயரில் பதிவாகிவிடுகிறது!

பிறகு கல்யாணம் ஆகிறது. க. செல்வி, மு. செல்வி ஆகிறாள். அடுத்த கட்டுரை புருஷன் பெயரில் நிற்கிறது. வேலைக்கு மனுப்போட்டால் பாதிக் கட்டுரைகள்தான் அவள் கணக்கில் வருகின்றன. மீதி? யாரோ ஒருவர் எழுதியது! உழைத்தது அவள், பெயர் எங்கோ போய்விட்டது.

16 இலக்கம்

இதற்குத்தான் எண் கொடுக்கிறார்கள். "ஆர்கிட்" என்று அதற்குப் பெயர். 2012-ல் தொடங்கிய ஏற்பாடு. ஆராய்ச்சி செய்கிறவர் தாமே பதிவு செய்துகொள்ளலாம். காசு வேண்டாம். பெயர் மாறலாம், ஊர் மாறலாம், வேலை மாறலாம், எண் மாறாது. கட்டுரையோடு இந்த எண்ணையும் கொடுத்தால், எந்தப் பெயரில் எழுதினாலும் எல்லாம் ஒரே ஆளின் கணக்கில் சேரும்.

எண்ணில் மொத்தம் 16 இடம். நான்கு நான்காகப் பிரித்து எழுதுவார்கள். கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். முதல் 15 இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டால் அது வர வேண்டும். ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும் கணக்கு உதைக்கும்!

எண்ணைப் பார்த்து ஆணா பெண்ணா, என்ன ஜாதி, எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாது. இது நல்ல விஷயம்தான்.

ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பிரௌன் சர்வகலாசாலையில் கார்பெரி என்று ஒரு பேராசிரியர். 1929-ல் விளையாட்டாகக் கிளப்பிவிட்ட ஆள். உண்மையில் அப்படி யாரும் கிடையாது! மாதிரி காட்டுவதற்காக அவருக்கும் ஓர் ஆர்கிட் எண் கொடுத்திருக்கிறார்கள்.

பாரதிதாசனுக்கு?

இல்லாத பேராசிரியருக்கு எண் உண்டு, பாரதிதாசனுக்கு உண்டா? அவர் 1964-ல் காலமானார். ஆர்கிட் எண்ணை அவரவரே பதிய வேண்டும் என்பதால் அவருக்கு அது கிடையாது. காலமானவர்களுக்கும் கொடுக்கக்கூடிய எண் வேறு. "ஐ.எஸ்.என்.ஐ." என்பது அது. அதுவும் 16 இலக்கம்தான். கவிஞர், பாடகர், நடிகர் எல்லோருக்கும் கொடுக்கலாம். புனைபெயர்களையும் அதோடு இணைக்கலாம்.

ஆனால் இணைப்பதற்கு முன்பு, இன்னாருடைய எழுத்து இது என்று யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே! பழைய புதுவைப் பத்திரிகை ஒன்று கிடைக்கிறது. உள்ளே ஒரு பாட்டு. அடியில் "கிறுக்கன்" என்று இருக்கிறது.

எந்தக் கிறுக்கன்? அதை எண் சொல்லாது. தமிழ் படித்த ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.