ஆட்டம் அடக்கும் லென்ஸ்: கூடுதல் காசு கொடுக்கலாமா?

மதுரை: சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். தையில் ஜல்லிக்கட்டு. கல்யாண ஆர்டர் போக, மதுரைப் பக்கத்துக் கேமராக்காரர்கள் விழுந்தடிச்சு ஓடுவது இந்த ரெண்டுக்கும்தான். ரெண்டிலும் கிட்டே போக முடியாது. தூரத்தில் நின்று இழுத்து எடுக்க டெலி லென்ஸ் வேணும்.

கடைக்குப் போனால் குழப்பம். ஒரே அளவு லென்சுக்கு ரெண்டு விலை. விலை கூடினதில் 'ஐ.எஸ்.' என்று எழுதியிருக்கும். கை ஆட்டத்தை அடக்குமாம். பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம். வட்டிக்கு வாங்கி லென்ஸ் எடுக்கிறவருக்கு அது சின்னக் காசு இல்லை. கொடுக்கலாமா?

கேனான் கம்பெனி 'ஐ.எஸ்.' என்பதை நிக்கான் 'வி.ஆர்.' என்கிறது. டாம்ரானில் 'வி.சி.', சிக்மாவில் 'ஓ.எஸ்.'. பேருதான் வேற, வேலை ஒண்ணுதான். (ஐ.எஸ்.ஓ. வேற சமாச்சாரம், அதோட குழப்பிக்காதீங்க.) லென்சுக்குள் இருக்கும் சென்சார், கை எந்தப் பக்கம் அசையுது என்று பார்க்கும். உடனே உள்ளே இருக்கிற ஒரு கண்ணாடி எதிர்ப்பக்கம் நகர்ந்து அசைவைச் சரிக்கட்டும். 1995ல் கேனான் கொண்டு வந்த 75-300 லென்சில் இருந்து இந்த வித்தை நடக்குது.

பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் 200 எம்.எம். என்றால் ஷட்டர் வேகம் 200ல் ஒரு பங்கு விநாடிக்குக் குறையக் கூடாது. நம்மில் பலர் வைத்திருக்கும் சின்ன சென்சார் கேமராவில் 300ல் ஒரு பங்கு. குறைந்தால் படம் கலங்கும். ஐ.எஸ். மூணு ஸ்டாப் காப்பாற்றினால், 40ல் ஒரு பங்கில் கூட கையில் பிடித்தே எடுக்கலாம்.

ஆனா ஒரு விஷயம். அது அடக்குறது உங்க கையை மட்டும்தான். காளையை இல்லை!

அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை பாயும்போது ஷட்டர் 1000ல் ஒரு பங்காவது வேணும். 40ல் வைத்தால் வாடிவாசல் பளிச்சென்று இருக்கும், காளை புகை மாதிரி தெரியும். 1000ல் வைத்தாலோ கை ஆட்டம் பெரும்பாலும் படத்தில் தெரியாது, ஐ.எஸ். அதிகம் உதவப் போவதில்லை. வெயில் இருப்பதால் வெளிச்சமும் தாராளம். அங்கே விலை குறைஞ்ச லென்சே போதும்.

அழகர் கதை வேறு. விடிஞ்சும் விடியாத நேரம். ஜனக் கடலில் ஸ்டாண்டு போட இடமேது? தங்கக் குதிரையில் அழகர் மெதுவாத்தான் வருவார். தோள் கொடுப்பவர்கள் ஒரு நொடி நிற்கும்போது அமுக்கினால், குறைந்த வேகத்திலும் படம் நிற்கும். அந்தப் படத்துக்குத்தான் ஐ.எஸ். (துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுவாங்க, கேமராவுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டுக்கோங்க.)

மண்டபத்தில் தாலி கட்டும்போது பெத்தவங்க முகம், பள்ளி விழாவில் மைக் முன் பேசுகிறவர், கோயில் தீபாராதனை எல்லாம் இதே ரகம். வெளிச்சம் கம்மி, ஆள் அதிகம் அசைவதில்லை. வருஷம் முழுக்க இந்த வேலைதான் என்றால் கூடுதல் காசு கொடுங்கள், வட்டிக்கு வாங்கினாலும் தப்பில்லை. ஜல்லிக்கட்டு, கபடி, கிரிக்கெட் மட்டும்தான் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

மேடையில் டான்ஸ் எடுப்பவர்களுக்கு ரெண்டுமே பத்தாது. வெளிச்சமும் இல்லை, ஆளும் ஆடுது. அங்கே எஃப் 2.8 லென்ஸ்தான் கை கொடுக்கும். எஃப் 4ஐ விட ரெண்டு மடங்கு, எஃப் 5.6ஐ விட நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். ஐ.எஸ். இல்லாத பழைய 2.8 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் யோசிக்கலாம். என்ன, கழுத்து வலிக்கும்!

புது மிரர்லெஸ் கேமரா சிலவற்றில் ஆட்டம் அடக்குவது கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. கேனான், நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.களில் அது கிடையாது, லென்சைத்தான் நம்பணும்.

வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். நிக்கான் 2016ல் விட்ட 70-300 ஏ.எஃப்.-பி. லென்சில் வி.ஆர். உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. வி.ஆர். உள்ளதிலும் ஸ்விட்ச் இருக்காது, கேமரா மெனுவில்தான் ஆன், ஆஃப்.

செகண்ட் ஹேண்ட் என்றால் டி.எஸ்.எல்.ஆர்.ல் மாட்டி, லென்சை முழுசா இழுத்து, தூரத்து போர்டைப் பாருங்கள். பட்டனைப் பாதி அமுக்கினால் மெல்லிசாக ஒரு சத்தம் வரும், ஆடிக்கொண்டிருந்த போர்டு சட்டென்று நிதானமாகும். நிதானமாகாமல் துள்ளினாலோ, ஆன் பண்ணியும் ஒரு வித்தியாசமும் தெரியலைன்னாலோ உள்ளே கோளாறு. ஐ.எஸ். இல்லாத லென்ஸ் விலைக்குக் கேளுங்கள். தரலைன்னா வெச்சிட்டு வந்துடுங்க.