வேலையோடு போகும் வீடு

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பது கம்பெனி லயங்களில்தான். தொழிலாளிக்கு வீடு தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. ஆனால் வேலை ஓய்ந்தால் வீட்டையும் காலி செய்யவேண்டும். ஆகவே, தாய் ஓய்வு பெறும்போது மகனோ மருமகளோ தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் அவளுக்கும் கூரை நிலைக்கும். பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால், பெற்றோர் மறந்துபோன பூர்வீக ஊரைத் தேட வேண்டியதுதான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. குடும்பம் குடும்பமாக 70 பேர் மாண்டனர். பிழைத்த 8 குடும்பங்களுக்கு மூணாறு அருகே குட்டியார்வாலியில் தலா 5 சென்ட் நிலமும் வீடும் கிடைத்தன. அத்தனை பேர் மாண்ட பிறகு கிடைத்த சொந்த வீடு, உழைத்து ஓய்ந்த மற்றவர்களுக்கு எப்போது கிடைக்கும்?