கானும் மானாப்புல்லும் ஜாவாக் குளவியும்

1869இல் இலைத்துரு நோய் கண்ட கோப்பி, இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் இம்மலைகளை விட்டே போனது. பின்னால் தேயிலை வந்தது. ஒற்றைப் பயிர்ப் பழக்கம் மட்டும் போகவில்லை. புல் பூண்டில்லாமல் சுரண்டிய மலைதான் தோட்டத் துரைமார் கண்ணுக்கு அழகு. மழையில் மேல்மண் வடிகால் கானோடு ஓடியது.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. இலைகளை நூலால் ஒட்டி உள்ளிருந்து தின்னும் புழுவை அடக்க, 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவி வந்தது. புழுவுக்குள்ளேயே முட்டையிடும், குஞ்சுகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிற்பாடு தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்த மலைகளில் குளவி செத்தது, புழு திரும்பியது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை, நவம்பரில் விலக்கினார்கள். இந்த மண் அவ்வளவு அவசரத்துக்கு இணங்காது. கிழட்டுத் தேயிலைத் தூர்களைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன் ஒன்றரை, இரண்டு வருடம் மானாப்புல் வளர்த்து, வெட்டி, அங்கேயே பரப்புவார்கள். அதன் விளிம்பு கையைக் கீறும். தொட்டுப் பார்க்க வேண்டாம்.